கார்போகேட்டயானைக் கண்ணால் பார்க்க முடியுமா? நிறத்தை வைத்து வகுப்பில் காட்டக்கூடிய சோதனைகள்

நீங்கள் கேட்டது இது: பிளஸ் டூவுக்கும் பி.எஸ்சி. முதலாண்டுக்கும் கரிம வேதியியல் எடுக்கிறீர்கள். வினை வழிமுறை பாடம் என்றாலே போர்டில் வளைந்த அம்புக்குறிகளும் பிளஸ், மைனஸ் குறிகளும்தான். ஒரு மாணவி எழுந்து "இந்தக் கார்போகேட்டயானை யாராவது பார்த்திருக்கிறார்களா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள் (வினையின் நடுவில் தோன்றி மறையும், கார்பனில் நேர்மின்சுமை உள்ள அயனி அது). நிறமாற்றத்தைக் கொண்டு அவளுக்குப் பதில் காட்ட வழி உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் எந்தச் சோதனையைச் செய்தாலும் முதலில் மாணவர்களிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாம் பார்க்கும் இந்த நிறம் யாருடையது? இதைக் கேட்காமல் செய்தால் குழாயில் என்ன நடந்தாலும் அதை இடைநிலைப் பொருள் (வினையின் நடுவில் உருவாகி அடுத்த படியில் வேறொன்றாக மாறிவிடுவது) என்று நம்பிவிடுவார்கள். ஆல்க்கீனில் புரோமின் நீர் நிறமிழக்கிறதே, அங்கே மறைவது புரோமினின் நிறம்தான். நடுவில் வரும் புரோமோனியம் அயனி நிறமற்றது, அதை அந்தக் குழாயில் யாரும் பார்ப்பதில்லை. ஆல்கஹாலில் டைகுரோமேட் ஆரஞ்சிலிருந்து பச்சையாவது குரோமியத்தின் நிறம். குளுக்கோஸும் மெத்திலீன் புளூவும் போட்டுக் குலுக்கும் நீலப் புட்டிச் சோதனையில் தெரிவது சாயத்தின் நிறம். எல்லாமே நல்ல சோதனைகள்தான், நானும் செய்கிறேன், ஆனால் "இதோ இடைநிலைப் பொருள்" என்று அவற்றைக் காட்டக் கூடாது.

பெரும்பாலான இடைநிலைப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இரண்டு. ஆயுள் மிகக் குறைவு, அப்புறம் அவை உறிஞ்சும் ஒளி புற ஊதாவில் கிடக்கிறது. மூவிணைய பியூட்டைல் கார்போகேட்டயானுக்கு இரண்டு சிக்கலும் உண்டு. ஆக நமக்கு வேண்டியது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கிற, எலக்ட்ரான்கள் பல வளையங்களில் பரவி நிற்கிற ஓர் ஆள். ஒரு கார்பனைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்களை மாட்டினால் இரண்டும் ஒரே அடியில் கிடைத்துவிடும். அதனால்தான் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்படி மூன்று வளையம் மாட்டிய ட்ரைட்டில் குடும்பத்தில் வந்து நிற்கிறது.

ட்ரைஃபீனைல்மெத்தனால் வெள்ளைத் தூள். எம்.எஸ்சி. ஆய்வகத்தில் கிரிக்னார்டு வினை செய்கிற கல்லூரி என்றால் அங்கே ஒரு புட்டி நிச்சயம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை, அதாவது 20, 30 மில்லிகிராம் போதும். நன்றாக உலர்ந்த சோதனைக் குழாயில் போட்டு 2 மில்லி அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெள்ளைத் தூள் கரையக் கரைய குழாய் முழுக்க ஆரஞ்சு சாயலோடு பளிச்சென்று மஞ்சளாகும். இரண்டு பொருள்களும் நிறமற்றவை, எனவே இந்த மஞ்சள் வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது, அது கார்போகேட்டயானே. அந்த மாணவியின் கையில் குழாயைக் கொடுக்க முடியாது, அமிலம், ஆனால் ஸ்டாண்டில் வைத்துப் பின்னால் வெள்ளைத் தாள் பிடித்து "பார்" என்று சொல்லலாம். அடுத்த படி இன்னும் முக்கியம்: அந்த மஞ்சள் கரைசலை ஐஸ் போட்ட குளிர்ந்த நீரில் மெதுவாக ஊற்றுங்கள் (நீரை அமிலத்தில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்). நிறம் அந்த நொடியே போய் வெள்ளை வீழ்படிவு வரும், பழைய ஆல்கஹாலே திரும்பி வந்துவிட்டது. நீருக்குப் பதில் குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால் மெத்தில் ஈதர் வெள்ளையாகப் படியும். எலக்ட்ரான் கவர் பொருளைக் கருக்கவர் பொருள் தாக்குகிறது என்று போர்டில் ஓர் அம்புக்குறி போடுகிறோமே, அந்த அம்புக்குறி நடப்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

நான் ஆரம்ப காலத்தில் ஒருமுறை, கழுவிய ஈரம் காயாத குழாயில் இந்த அமிலத்தை ஊற்றிவிட்டேன். குழாய் சட்டென்று சுட்டது, நல்லவேளை ஸ்டாண்டில் இருந்தது. அன்றிலிருந்து குழாய்களை முந்தின நாளே அடுப்பில் உலர்த்தி எடுத்து வைப்பது வழக்கம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். கண்ணாடி, கையுறை உங்களுக்கும் முன்வரிசைக்கும் கட்டாயம்.

பிளஸ் டூ மாணவர்களிடம் இதைக் காட்டும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று வான்ட் ஹாஃப் காரணி. கரைத்த ஒரு மூலக்கூறு கரைசலில் எத்தனை துகள்களாகிறது என்று சொல்லும் எண் அது, கரைசல்கள் பாடத்தில் படித்திருப்பார்கள். ட்ரைஃபீனைல்மெத்தனாலைக் கந்தக அமிலத்தில் கரைத்து உறைநிலைத் தாழ்வை அளந்தால் காரணி 4 வருகிறது. வெறுமனே புரோட்டான் ஏறினால் 2 தான் வர வேண்டும். ஒரு கார்போகேட்டயான், ஒரு ஹைட்ரோனியம், இரண்டு பைசல்ஃபேட் என்று கூட்டிப் பார்த்தால் 4. நிறம் ஒரு சாட்சி, இந்த எண் இன்னொரு சாட்சி. இரண்டும் ஒரே ஆளைக் காட்டும்போது சந்தேகப்பட்ட பிள்ளைக்கும் நம்பிக்கை வருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ட்ரைஃபீனைல்மெத்தனால் கிடைக்கவில்லை, பள்ளி ஆய்வகம் மட்டும்தான் என்றால்? ஃபினாப்தலீன் இருக்கிறதே! அதுவும் நடுக் கார்பனைச் சுற்றி மூன்று வளையம் உள்ள மூலக்கூறுதான், நாம் அதை நிறங்காட்டி என்ற ஒரே வேலையில் வைத்திருக்கிறோம். ஃபினாப்தலீன் தூளில் ஒரு சிட்டிகையை அடர் கந்தக அமிலத்தில் போட்டால் ஆரஞ்சுச் சிவப்பு வரும். இது ட்ரைட்டில் வகை நேரயனி. (ஆல்கஹாலில் கரைத்து வைத்திருக்கும் நிறங்காட்டிக் கரைசலை அடர் அமிலத்தில் ஊற்றாதீர்கள், சூடாகித் தெறிக்கும். தூள்தான் வேண்டும்.) இன்னொரு குழாயில் சாதாரண நீரில் நிறமில்லை. மூன்றாவதில் லேசான காரம், எல்லோரும் அறிந்த இளஞ்சிவப்பு. நான்காவதில் 1 அல்லது 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எடுத்து இரண்டு சொட்டு நிறங்காட்டி விடுங்கள்: இளஞ்சிவப்பு வரும், வந்த நிறம் கண்ணெதிரே சில நிமிடங்களில் வெளிறிப் போகும். காரம் கூடக் கூட நிறம் கூடும் என்று நினைத்திருந்த வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். ஹைட்ராக்சைடு அந்த நடுக் கார்பனிலேயே போய் ஒட்டிக்கொண்டது, தட்டையாக இருந்த கார்பன் நான்முகியாகிவிட்டது, மூன்று வளையங்களுக்கும் நடுவில் இருந்த எலக்ட்ரான் பாதை அறுந்தது, நிறமும் போனது. நான்கு குழாய்களிலும் நாம் பார்ப்பது ஒரே கார்பனின் கதை. என்னைக் கேட்டால் செலவே இல்லாத சோதனைகளில் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

இதை வினைவேகப் பாடத்தோடு சேர்க்க விரும்பினால் கிரிஸ்டல் வயலட். மருந்துக்கடையில் ஜென்ஷன் வயலட் என்று விற்கும் வாய்ப்புண் மருந்துதான் அது. கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு நீர்த்துவிட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஊதா கரைந்து போகும். காரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் பிடிக்கும். கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டர் இருந்தால் வரைபடமே போட்டுவிடலாம். கையில் பட்டால் நாள் கணக்கில் போகாது, கையுறை போடச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ட்ரைட்டில் அயனி வாழ வேண்டுமென்றால் எடையில் பாதியாவது கந்தக அமிலமாக இருக்க வேண்டும், அப்போதும் ஏறக்குறைய பாதிதான் அயனியாக நிற்கும். கிரிஸ்டல் வயலட்டோ சாதாரணத் தண்ணீரில், பிஹெச் 9 வரைக்கும் கூட, கார்போகேட்டயானாகவே உட்கார்ந்திருக்கிறது. வேறுபாடு 10-இன் 16-ஆம் அடுக்கு அளவு. அவ்வளவையும் செய்தது வளையங்களின் பாரா இடத்தில் உள்ள மூன்று டைமெத்திலமினோ தொகுதிகள், நைட்ரஜனின் தனி எலக்ட்ரான் இரட்டை. நம்ப முடியவில்லை என்று மாணவர்கள் சொன்னால், ஊதாக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காட்டுங்கள். முதலில் பச்சை, அடர் அமிலத்தில் மஞ்சள். நைட்ரஜன்களை ஒவ்வொன்றாகப் புரோட்டான் பிடித்துவிட்டது, உடனிசைவுக்கு (எலக்ட்ரான்கள் பல அணுக்களில் பரவி நிற்பதற்கு) கிடைத்த உதவி குறையக் குறைய நிறம் மாறுகிறது. உடனிசைவு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் போர்டில் எழுதியதில்லை.

இந்த ட்ரைட்டில் நிறம் வகுப்பறைக்கு வெளியிலும் வேலை செய்கிறது. டிஎன்ஏ துண்டுகளை இயந்திரத்தில் தயாரிக்கும்போது ஒவ்வொரு அலகின் நுனியிலும் டைமெத்தாக்சிட்ரைட்டில் என்ற மூடி இருக்கும். அமிலம் விட்டு அதைக் கழற்றும்போது ஆரஞ்சு நிறக் கார்போகேட்டயான் வெளியே வரும். அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்துதான் அந்தச் சுற்று எவ்வளவு சரியாக நடந்தது என்று பார்க்கிறார்கள். கோவிட் காலத்தில் ஆர்டி-பிசிஆர் என்று கேட்டோமே, அதற்கான பிரைமர்கள் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகள் இப்படித் தயாராகிறவைதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

தனி உறுப்புகளுக்கு (இணை சேராத ஓர் எலக்ட்ரான் உள்ளவை, ஃப்ரீ ராடிக்கல்) வந்தால் கதை 1900-க்குப் போகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க், ஒரு ஈத்தேனில் ஆறு ஃபீனைல் தொகுதிகளையும் மாட்டிவிட முயன்றார். ட்ரைட்டில் குளோரைடை உலோகத்தோடு சேர்த்தார். எதிர்பார்த்தது சாதுவான வெள்ளைப் பொருள். கிடைத்ததோ மஞ்சள் கரைசல், காற்றுப் பட்டதும் பெராக்சைடாக மாறுகிற ஒன்று. கார்பனுக்கு நான்கு பிணைப்புதான் என்று எல்லோரும் உறுதியாக இருந்த காலத்தில் மூன்று பிணைப்புக் கார்பன் இது என்று எழுதினார். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் இருபடி அவர் நினைத்த ஹெக்ஸாஃபீனைல்ஈத்தேன் இல்லை, ஒன்றின் நடுக் கார்பன் இன்னொன்றின் வளையத்தில் ஒட்டிய அமைப்பு என்பது 1968-இல்தான் தீர்ந்தது. ஆனால் தனி உறுப்பு பற்றி அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

செய்முறை எளிது, ஆனால் கல்லூரிக்கு மட்டும். ட்ரைட்டில் குளோரைடை டொலுவீனில் கரைத்து (அவர் பயன்படுத்திய பென்சீன் வேண்டவே வேண்டாம், புற்றுநோய் தருவது) துத்தநாகத் தூள் போட்டு, குழாயை நன்றாக மூடிக் குலுக்குங்கள். மஞ்சள் வரும். தூள் அடியில் படிந்ததும் தெளிந்த கரைசலை இன்னொரு குழாய்க்கு மாற்றி, மூடியைத் திறந்து காற்று விட்டு மீண்டும் மூடிக் குலுக்கினால் மஞ்சள் போய்விடும். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சிறிது நேரத்தில் மஞ்சள் தானாகத் திரும்பி வரும், ஏனென்றால் கரைசலில் பெரும்பகுதி நிறமற்ற இருபடி, அது பிரிந்து புதிய தனி உறுப்பைக் கொடுக்கிறது. மறுபடி குலுக்குங்கள், மறுபடி போகும். இருபடி தீரும் வரை இதைத் தொடரலாம், அடியில் வெள்ளைப் பெராக்சைடு படிந்துகொண்டே வரும். லே சாட்லியர் தத்துவம், தனி உறுப்பு, ஆக்சிஜனோடு அதற்குள்ள வேகம் எல்லாம் ஒரே குழாயில். முந்தின நாள் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள், பழைய ட்ரைட்டில் குளோரைடு ஈரத்தில் ஆல்கஹாலாக மாறியிருந்தால் ஒன்றும் நடக்காது.

பள்ளியில் தனி உறுப்பைக் காட்ட வேண்டுமென்றால் ஹெப்டேனில் அல்லது வளைய ஹெக்சேனில் இரண்டு மூன்று சொட்டு புரோமின், இரண்டு குழாய், ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்று. ஜன்னல் வெயிலில் வைத்தால் திறந்த குழாயில் நிறம் போய், குழாயின் வாயருகே பிடித்த ஈர நீல லிட்மஸ் சிவப்பாகும், சுற்றிய குழாயில் நிறம் அப்படியே இருக்கும். இங்கே நிறம் புரோமினுடையது, தனி உறுப்பைப் பார்க்கவில்லை, ஒளி அதை உண்டாக்கியதை அனுமானிக்கிறோம். இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். புரோமின் என்றால் ஃபியூம் ஹூட், இல்லையென்றால் செய்ய வேண்டாம்.

நுண்ணுயிரியல் ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் அங்கே ஆக்சிடேஸ் டெஸ்ட் செய்வதைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தாளில் தடவிய பாக்டீரியா சில நொடியில் நீல ஊதாவாவது, டெட்ராமெத்தில் பாராஃபீனிலீன்டையமின் ஓர் எலக்ட்ரானை மட்டும் இழந்து உண்டாகும் தனி உறுப்பு நேரயனியின் நிறம். பெயர் வுர்ஸ்டர் நீலம். இங்கே நிறம் அந்த ஆளுடையதேதான்.

ஈனாலுக்கு (கீட்டோ வடிவத்தில் ஒரு ஹைட்ரஜன் இடம் மாறி, இரட்டைப் பிணைப்புக் கார்பனில் OH நிற்கும் வடிவம்) வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. எத்தில் அசிட்டோஅசிட்டேட் சில சொட்டு, பாதிக்குப் பாதி எத்தனாலும் நீரும், இரண்டு சொட்டு நடுநிலை ஃபெரிக் குளோரைடு. செவ்வூதா நிறம் வரும், ஃபீனாலுக்குச் செய்கிற அதே சோதனை, பதில் சொல்வது ஈனால் வடிவம். இப்போது புரோமின் நீரைச் சொட்டுச் சொட்டாக, வேகமாக விடுங்கள். நிறம் சட்டென்று மறையும். இருந்த ஈனாலை எல்லாம் புரோமின் தின்றுவிட்டது. கீட்டோவை அது தொடவில்லை. வகுப்பு "முடிந்தது" என்று நினைக்கும்போது, நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே நிறம் மெல்லத் திரும்பி வரும். கீட்டோவிலிருந்து புதிய ஈனால் பிறந்துகொண்டிருக்கிறது. திரும்பப் புரோமின், திரும்ப மறைவு, திரும்ப வருகை. புரோமினை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டால் வருகிற ஈனாலை எல்லாம் அது பிடித்துக்கொள்ளும், நிறம் திரும்ப வெகுநேரம் ஆகும், எனவே நிறம் போன உடனே கையை நிறுத்துங்கள். தூய திரவத்தில் ஈனால் 7, 8 சதவீதம்தான், நீரில் அதைவிடக் குறைவு. அந்தக் கொஞ்சம் ஈனால் வழியாகத்தான் வினை முழுவதும் நடக்கிறது என்பதை இந்தப் போய்வரும் நிறம் அழகாகச் சொல்லிவிடுகிறது.

இதற்கு அடுத்த வகுப்பில் அசிட்டோன், அயோடின், அமிலம் மூன்றையும் எடுத்தால் பாடம் கெட்டியாகும். கலவையில் அசிட்டோனும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தலா 1 மோலார், அயோடின் 0.005 மோலார் என்று வைத்தால் அறை வெப்பத்தில் மூன்று நிமிடம் போல ஆகும் நிறம் போக. இன்னொரு குழாயில் அயோடினைப் பாதியாக்குங்கள், நேரமும் பாதியாகும். அதாவது அயோடின் எவ்வளவு இருந்தாலும் ஒரு நிமிடத்தில் செலவாவது ஒரே அளவு, அதன் செறிவு வேகத்தைத் தொடவே இல்லை. அமிலத்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பு. 1904-இல் ஆர்தர் லாப்வொர்த் இதை வைத்துத்தான், மெதுவான படி ஈனால் உருவாவது, ஆலசன் அதற்குப் பிறகு வந்து உடனே பிடித்துக்கொள்கிறது என்று சொன்னார். நிறமே இல்லாத ஒரு இடைநிலைப் பொருளை வேறொருவரின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது இப்படித்தான். உண்டாகும் அயோடோஅசிட்டோன் கண்ணை எரிக்கும். சிறு அளவில் செய்து, நிறம் போனதும் சோடியம் பைகார்பனேட் கரைசலில் கொட்டிவிடுங்கள். புரோமினை வைத்து இதையே செய்யாதீர்கள், புரோமோஅசிட்டோன் கண்ணீர்ப் புகையாகப் பயன்பட்ட பொருள்.

அனிலீனிலிருந்து குளிரில் உண்டாகும் டையசோனிய அயனியை நீங்கள் ஏற்கெனவே செய்முறைத் தேர்வில் செய்கிறீர்கள், அனிலீனுக்கான சாயச் சோதனை. அதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: ஐஸில் வைத்த டையசோனியக் கரைசலைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை வெந்நீரில் வையுங்கள். நைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். அடங்கியதும் இரண்டிலும் காரத்தில் கரைத்த பீட்டா நாப்தாலை விடுங்கள். ஐஸ் குழாயில் பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்பு வரும், சூடாக்கியதில் பழுப்புக் கலங்கல் இருக்கலாமே தவிர அந்த நிறம் வராது. 0 முதல் 5 டிகிரி என்று ஏன் மனப்பாடம் செய்தோம் என்பது அப்போதுதான் புரியும். அந்த ஆரஞ்சு டையசோனியத்தினுடையது இல்லை, அதைப் பிடித்துக் கொடுத்த சாயத்தினுடையது, பெயர் சூடான் 1, மிளகாய்த்தூள் கலப்படத்தில் பிடிபடுகிற அதே பொருள்.

எதிரயனிகள் பக்கம் அழகான நிறங்கள் இருந்தாலும் வகுப்புக்கு நான் கொண்டுபோவதில்லை. ட்ரைட்டில் எதிரயனி ஆழ்ந்த சிவப்பு, பென்சோஃபீனோனும் சோடியமும் சேர்ந்தால் கீட்டைல் அடர் நீலம், இரண்டுக்குமே ஈரமும் காற்றும் ஆகாது, சோடியம் தீப்பிடிக்கும். ஆராய்ச்சி ஆய்வகத்தில் யாராவது டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானை இந்தச் சோடியம், பென்சோஃபீனோன் இரண்டையும் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தால் குடுவையின் நீலத்தைத் தூர நின்று காட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கதையாகச் சொல்லலாம்: ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கப் பல லேப்களில் இன்றும் செய்வது 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்ட வினை, காரத்தில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்து ஆரஞ்சாவது. எலக்ட்ரான் குறைந்த வளையத்தில் கருக்கவர் பொருள் வந்து ஒட்டி உண்டாகும் சேர்மத்தின் நிறம் அது. வீட்டில் யாருக்காவது கிட்னி டெஸ்ட் எடுத்திருப்பார்கள், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும், பள்ளி அலமாரியில் பழைய புட்டி இருந்தால் திறக்காமல், அசைக்காமல் தலைமையாசிரியரிடம் சொல்லி உரியவர்களை வைத்து அகற்றுங்கள்.

ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் ஃபினாப்தலீன் நான்கு குழாய்களை முதலில் வையுங்கள், கார வெளிறல் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் எத்தில் அசிட்டோஅசிட்டேட்டைச் செய்து முடித்துவிடலாம். சோடியம் ஹைட்ராக்சைடை அன்று காலையிலேயே புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பழைய கரைசல் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடைக் குடித்து வலுவிழந்திருக்கும், இளஞ்சிவப்பு வெளிறாமல் நின்றுவிடும்.